மூன்றாவது மணி அடிக்க விடாத அக்கா

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை அவரைக் கேட்காமல் ஒரு விண்ணப்பப் பாரத்தில் எழுதினேன். அந்தப் புண்ணியமே போதும். அக்கா என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன்.

மைசூரில் ஹெப்பாள் பேக்டரிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழ் வீட்டில் அக்கா. மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை ரூமில் நான். அக்காவுக்குச் சொந்த ஊர் கௌதள்ளி, எனக்கு ஹனூருக்கு அந்தப் பக்கம், இரண்டும் தமிழ்நாட்டு எல்லையோரம். பேச்சு ஒரே மாதிரி இருக்கும், மற்றபடி ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. அவர் வீட்டுக்காரர் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டினார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அக்கா வீட்டிலேயே சமைத்து, பேக்டரிப் பையன்களுக்கு மதியச் சாப்பாடு டப்பாவில் கட்டிக் கொடுத்தார். தினம் நாற்பது டப்பா போகும். விசேஷ வீடுகளுக்குச் சப்பாத்தி ஆர்டரும் எடுப்பார். எல்லாம் போனில்தான்.

அந்தப் போனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அக்கா எந்த அழைப்பையும் மூன்றாவது மணி அடிக்க விட மாட்டார். கையெல்லாம் மாவாக இருந்தால் முழங்கையால் தள்ளி எடுப்பார். ஒரு நாள் இரண்டு கையிலும் சூடான குண்டானைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூக்கு நுனியால் தள்ளி எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, “ஹேளி, சொல்லுங்க” என்பார். அடுத்த கேள்வி, “ஊட்டா ஆய்த்தா, சாப்டாச்சா?” அந்தப் பக்கம் இருப்பது கன்னடமா தமிழா என்று தெரியாதே, அதனால் எதையும் இரண்டு தடவை சொல்வார். யார் என்ன என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ராங் நம்பரையும் விட மாட்டார். தாவணகெரேயிலிருந்து ஒரு பெரியவர் மருமகன் என்று நினைத்து இவரைக் கூப்பிட்டுவிட்டார். அவருடைய முழங்கால் வலி, மருமகன் போன் எடுக்காத கதை எல்லாம் பத்து நிமிடம் கேட்டு, என்ன எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று சொல்லித்தான் வைத்தார். கேஸ் சிலிண்டர் புக் பண்ணும்போது பதிவு பண்ணின குரல் வரும் அல்லவா, அதற்கும் “ஆகட்டும்மா, அமுக்கறேன்” என்று பதில் சொல்வார்.

“அது மெஷின்கா” என்பேன்.

“மெஷினா இருந்தா என்ன, பேசுதல்லொ?”

“தெரியாத நம்பரையெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க?”

“அடிக்குதே தம்பி” என்பார். ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்ப்பார்.

கிரெடிட் கார்டு என் கைக்கு வந்த கதை ரொம்பச் சின்னது. கேன்டீன் வாசலில் பேங்க் ஆட்கள் குடை நட்டு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பளச் சீட்டு, ஆதார், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் ரெபரன்ஸ் என்று ஒரு இடம். “இதே ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க நம்பர் வேணும் சார், பிரெண்டு செல்லாது” என்றான் அந்த ஆள். மைசூரில் எனக்கு யார் சொந்தம்? தினமும் டப்பாவுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பர் அக்காவுடையது. எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் உடன்பிறந்த அக்கா என்று போட்டேன். எழுதும்போது கை கூசவில்லை. சாயங்காலம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு கார்டுக்கும் அதே நம்பர்.

அந்தப் பணம் எதற்குப் போனது? அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கச்சிக்குக் கல்யாணம் என்று எழுதக் கை துடிக்கிறது. அப்படியொன்றும் இல்லை. தசரா ஆபரில் ஒரு போன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கூட்டத்துக்கே துணி எடுத்துக்கொண்டு, மச்சானுக்கு வாட்ச் வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கூட வேலை செய்பவர்களோடு வெளியே சாப்பிடப் போனால் பில்லை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். மாதா மாதம் மினிமம் மட்டும் கட்டினால் போதும் என்றார்கள், நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதை மட்டும் கட்டினேன். முதல் கார்டுக்குக் கட்ட இரண்டாவது கார்டைத் தேய்த்தேன். பிறகு பேக்டரியில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். அதோடு எல்லாம் நின்றது.

போன் மட்டும் நிற்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். முதல் வாரம் எடுத்து, “அடுத்த வாரம் சார்” என்றேன். அப்புறம் எடுப்பதை விட்டேன். ஆப் பண்ணி வைக்கவும் முடியாது, ஷிப்ட் மாற்றினால் சூப்பர்வைசர் கூப்பிடுவார். சைலண்டில் போட்டால் நிமிடத்துக்கொரு தடவை எடுத்து எடுத்துப் பார்க்கத் தோன்றும். கடைசியில் ரூமில் இருந்த அரிசி டிரம்முக்குள் போனைப் போட்டு மூடி வைக்க ஆரம்பித்தேன். காதை உறுத்தாது, ஆனால் அடிப்பதும் ஓய்வதும் தெரியும்.

ஒரு நாள் அக்கா டப்பா கொடுக்க மேலே வந்தபோது டிரம் அடித்தது.

“என்ன தம்பி, அரிசி கூப்புடுது?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

“இன்சூரன்ஸ்காரன்கா. தொல்லை.”

“அதுக்காகப் போட்டுப் பொதைச்சு வெப்பியா? எடுத்து வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லீற வேண்டியதுதான?”

இந்த மனுஷிக்கு உலகமே தெரியவில்லை என்று அன்று நினைத்தேன்.

எனக்கு அப்போது இரண்டாவது ஷிப்ட். ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் டப்பாவுக்காகக் கீழே இறங்கினேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன், ஸ்பீக்கரில்.

“மேடம், அவரு போன் எடுக்கறதே இல்ல. ரெபரன்ஸ்ல உங்க நம்பரைக் குடுத்திருக்காரு. நீங்க அவரோட சொந்த அக்காதானே?” ஒரு பெண் குரல், தமிழில்.

சப்பாத்திக் கட்டை நின்றது. வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நானும் நின்றேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள் அக்கா, குடியிருக்கிற பையன், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள் என்று நினைத்தேனா, சொல்லிவிடாதீர்கள் என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“ஆமாம்மா” என்றார் அக்கா. “என்ற தம்பிதான்.”

“மூணு மாசமா ட்யூ மேடம்.”

“கட்டிருவான் கண்ணு. நல்ல பையன். சம்பளத்துல ஏதோ சித்தக் கொறையாட்டம் இருக்குது. நீ சாப்டியா?”

 “இன்னும் இல்லீங்க மேடம்” என்றது அந்தக் குரல், கொஞ்சம் இறங்கி.

நான் சத்தம் போடாமல் படியேறி ரூமுக்குப் போனேன். அன்று டப்பா எடுக்கவில்லை. பட்டினியோடு ஷிப்டுக்குப் போனதில் ஏதோ பிராயச்சித்தம் பண்ணிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வேறு. மறுநாள் டப்பாவில் இரண்டு சப்பாத்தி கூடுதலாக இருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் நானும், அப்படி ஒரு போனே வராத மாதிரி அவரும் மூன்று மாதம் ஓட்டினோம்.

அந்த மூன்று மாதமும் எனக்கு வர வேண்டிய அழைப்புகளை அக்கா வாங்கினார். ஒவ்வொன்றையும் எடுத்தார். நான் மேலே படுத்துக்கொண்டு கேட்டேன். ஷீட் வீடு, கீழே பேசுவது அப்படியே வரும். சில நாள் ஒருத்தன் கன்னடத்தில் கத்துவான். “ஊட்டா ஆய்த்தா?” என்று அக்கா கேட்டால் இன்னும் கத்துவான். அந்தப் பெண் கூப்பிட்டால் மட்டும் பேச்சு நீளும். அவள் ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை, சாப்பிடப் போகக்கூட எண்ணித்தான் நேரம் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரிந்துவிட்டது. ஊற வைத்த வெந்தயம் சாப்பிடச் சொல்லி அவளுக்கு அக்கா வைத்தியமும் சொன்னார். அதற்கு நடுவில் அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள், தம்பி எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று.

“இந்த மாசம் ரெண்டாவது ஷிப்டு கண்ணு. மதியம் வரைக்கும் மேலதான் இருப்பான்.”

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். இறங்கி ஓடிப்போய், இதையெல்லாம் சொல்லாதீர்கள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

அதற்கு நான்காம் நாள், காலை பதினோரு மணிக்கு, இரண்டு பேர் ஒரு பைக்கில் வந்து இறங்கினார்கள். டப்பா அடுக்கி வைத்திருக்கிற நேரம். பேக்டரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். அதில் மூன்று பேர் என் டிபார்ட்மெண்ட். நான் ஜன்னலில் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நிம்ம தம்ம எல்ரீ?” என்றான் ஒருவன். உங்கள் தம்பி எங்கே என்கிறான்.

“ஊருக்குப் போயிருக்கறானுங்க.” அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். “வாங்க, ஊட்டா ஆய்த்தா?”

“நீ சோறு போட்டா கடன் தீர்ந்துடுமா?” என்று கத்தினான் இன்னொருவன். அவன் தமிழ். “அக்கான்னு ஒருத்தி இருக்கறயில்ல? தம்பி வாங்கித் தின்னதை நீ கட்டு. டப்பா வித்த காசு இருக்குமில்ல?”

பையன்கள் அடுக்கியிருந்த டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவை அந்தச் சந்தில் யாரும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து போ, எழுந்து போ என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. எழுந்திருக்கவில்லை. அப்போது கீழே நின்ற ஒருவன் தன் போனை எடுத்து எண்ணை அழுத்தினான் போலிருக்கிறது. என் அரிசி டிரம் அடித்தது.

டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூடியை நெஞ்சால் அழுத்தினேன். அப்படியும் அது கேட்டது. அந்தச் சத்தம் படியிறங்கிப் போவது எனக்கே தெரிந்தது.

கீழே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. சட்னி காலையிலேயே அரைத்தாகிவிட்டது, டப்பாக்களும் மூடியாகிவிட்டது. வெறும் ஜாரை அக்கா ஓட விட்டார். மேலே அடித்து ஓயும் வரை அது கடகடவென்று ஓடியது. அவன் இரண்டாம் தடவை போட்டான், மிக்ஸியும் இரண்டாம் தடவை ஓடியது. “ஏய், அதை நிறுத்து” என்று கத்தினான். “ஆர்டர் இருக்குதுங்க” என்றார் அக்கா. திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பைக் சத்தம் தேய்ந்ததும் நான் இறங்கி வந்தேன். காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குத் துப்பில்லை. ஊருக்குப் போனவன் மாடியிலிருந்து இறங்கி வருவதைப் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது.

“யாருக்கா உங்களை அந்தப் போனை எடுக்கச் சொன்னது?” என்று கத்தினேன். “எடுத்து எடுத்துப் பேசினதாலதானே வீடு வரைக்கும் வந்தானுங்க? எத்தனை மணிக்கு இருப்பான்னு அட்ரஸ் சொல்றீங்க, வெந்தயம் சாப்பிடச் சொல்றீங்க! கொஞ்சமாவது அறிவு வேணாம்?”

மிக்ஸி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்றார். முகம் சிவந்து கிடந்தது.

“அடிக்குதே தம்பி” என்றார்.

“அடிச்சா அடிக்கட்டும்! அக்கா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருந்தா அன்னைக்கே விட்டிருப்பானுங்க.”

“அக்கான்னு எழுதிக் குடுத்தது நீதான சாமி? நான் இல்லீன்னு சொல்லீட்டா, நீ பொய் எழுதுனவனாட்டம் ஆயிருவியல்லொ?”

பையன்கள் அவரவர் டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். “இனிமே தெரியாத நம்பர் எதையும் எடுக்காதீங்க. அடிச்சா அரிசி டிரம்ல போட்டு மூடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினேன்.

அக்கா நான் சொன்னதைக் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மறுநாள் காலை கீழே போன் அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு. முழுதாக அடித்து ஓய்ந்தது. அந்தச் சந்துக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. எதற்கோ இறங்கின மாதிரி போய்ப் பார்த்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை. இரண்டு வாரம் கழித்து எங்கோ பெயர் சூட்டும் விழாவுக்கு இருநூறு சப்பாத்தி ஆர்டர் வேறு வீட்டுக்குப் போனது. “புது நம்பர்லிருந்து கூப்புட்டாங்களாமா, நான் எடுக்கலியாமா” என்று சிரித்தபடி சொன்னார். அந்த அக்கா இப்போதெல்லாம் போன் எடுப்பதில்லை என்று பேச்சு பரவியது. நாற்பது டப்பா இருபத்தைந்தாயிற்று.

நான் என்ன செய்தேன்? வீட்டை மாற்றினேன். ஊரின் அந்தக் கோடியில் ரூம், புது வேலை, புது சிம். கம்பெனியே இடம் கொடுக்கிறது என்று அக்காவிடம் புளுகினேன். வழிக்கு ஆகும் என்று சப்பாத்தி கட்டிக் கொடுத்தார். மைசூருக்குள்ளே, அரை மணி நேரப் பயணத்துக்கு! புது நம்பரை அவர் கேட்டபோது, வாங்கினதும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். சிம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

கடனை அடைக்க நாலு வருடம் ஆயிற்று. நானே பேங்க் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து பேசி, ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ள வைத்து, தவணை தவணையாகக் கட்டினேன். இனி பாக்கி இல்லை என்ற கடிதம் இரண்டு கார்டுக்கும் கைக்கு வந்த அன்று, முதலில் நினைவுக்கு வந்தது அந்த நம்பர்தான். கூப்பிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. முழுதாக அடித்து நின்றது. மூன்று தடவை போட்டேன். யாரும் எடுக்கவில்லை. என் நம்பர் அவருக்குத் தெரியாத நம்பர்.

மறுநாளே கிளம்பிப் போனேன். அதே வீடு. வாசலில் ஆறு டப்பா இருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும், “அய்யோ, என்ற தம்பி!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்துத் தட்டு வைத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடிதங்களை எடுத்து நீட்டினேன்.

“எல்லாம் கட்டிட்டேன்கா. முடிஞ்சுது.”

ஈரக் கையால் தொடாமல் எட்டிப் பார்த்தார். “சந்தோசம் கண்ணு. அவங்களுக்குத் தெரியுமா?”

“யாருக்கு?”

“கூப்புடறவங்களுக்கு. இந்த வாரங்கூட அஞ்சாறு தடவ அடிச்சுது. நீ சொன்ன மாதிரி எடுக்கல.”

பிய்த்த சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்தேன். நான் கடன் தீர்ந்தவன். அக்கா இன்னும் என் கடன்காரர்களுக்குப் பயந்துகொண்டிருந்தார். அன்று நான் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது சமையலறைக்குள் அரிசி டிரம் அடித்தது.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “விடு, சாப்புடு” என்றார்.

“நான் எடுக்கறேன்கா.” எச்சில் கையோடு எழுந்து போனேன். மூடியைத் திறந்து இடது கையை அரிசிக்குள் விட்டுத் துழாவி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரையில் வெறும் நம்பர். திரும்பக் கூப்பிட்டேன், காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு.

ஒரு பெண் எடுத்தார். கன்னடத்தில் சொன்னார். பக்கத்துத் தெரு ஆபீஸ், தினம் முப்பது சாப்பாடு வேண்டும் என்று மூன்று நாளாகக் கூப்பிட்டார்களாம், யாரும் எடுக்கவில்லையாம். இப்போது கூப்பிட்டது, வேறு இடத்தில் சொல்லியாயிற்று, இனி வேண்டாம் என்று சொல்லத்தான். நான் எவ்வளவோ கெஞ்சினேன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

“யாரு தம்பி?” என்று அக்கா கூடத்திலிருந்து கேட்டார். குரலில் பயம் இருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம்கூட என்னால் முடியவில்லை.

“ராங் நம்பர்கா.”

“அட, பாவம்” என்றார். இன்னொரு சப்பாத்தியை என் தட்டில் போடும் சத்தம் கேட்டது. “ஊட்டா ஆய்த்தான்னு கேட்டியா?”

“இல்லக்கா” என்றேன்.